சித்த மருந்தும் எக்ஸ்ரே கருவியும்: சென்னையில் ஆராய்ச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்த மருத்துவ பிஜி மாணவர்கள், வேதியியல், இயற்பியல் துறை ஸ்காலர்கள், மென்பொருள் வேலையில் இருந்துகொண்டே பிஎச்டி பதிவு செய்தவர்கள், அப்புறம் ‘இந்தக் கஷாயத்தை ஆராய்ச்சியில் நிரூபித்துவிட்டார்களாமே, அப்பாவுக்குக் கொடுக்கலாமா’ என்று விசாரிப்பவர்கள். இவர்கள் எல்லோரிடமிருந்தும் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, நம்பலாமா?

எதில் நிரூபித்தார்கள் என்று முதலில் பாருங்கள். கம்ப்யூட்டரிலா, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களிலா, எலியிலா, மனிதர்களிலா? நமக்கு வரும் ஃபார்வர்டுகளில் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். தட்டில் இருக்கும் புற்றுநோய் செல்லைக் கொல்வது கடினமே இல்லை, உப்பை அதிகம் போட்டாலும் சாகும், ஸ்பிரிட் ஊற்றினாலும் சாகும். வாய் வழியாகப் போன மருந்து குடலையும் கல்லீரலையும் தாண்டி, போதுமான அளவில் இரத்தத்தில் நின்று, நல்ல செல்லை விட்டுவிட்டு நோயுள்ள செல்லை மட்டும் தாக்குமா என்று கேட்கும்போதுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. அந்தப் பதில் மனிதர்களிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில் இருந்தால் மட்டும் ‘நிரூபணம்’ என்ற சொல்லைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை ஓடிக்கொண்டிருக்கும் சிகிச்சையை யாரும் நிறுத்த வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கம்ப்யூட்டரில் ‘டாக்கிங்’ செய்த ஆய்வுகள் வீணா?

வீண் இல்லை, ஆனால் அது முதல் படி. 2020-ல் கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீர் பற்றி இப்படி நிறைய கட்டுரைகள் வந்தன. குடிநீரில் 15 சரக்குகள், ஒவ்வொன்றிலும் பல மூலக்கூறுகள், அவற்றில் சிலவற்றை எடுத்து வைரஸ் புரதத்தின் பள்ளத்தில் பொருந்துகிறதா என்று மென்பொருளில் பார்ப்பார்கள். நீங்கள் எந்த மூலக்கூறைக் கொடுத்தாலும் மென்பொருள் ஏதோ ஒரு மதிப்பெண் தரும், ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லாது. அதனால் வேலை செய்யாது என்று ஏற்கெனவே தெரிந்த மூலக்கூறுகள் சிலவற்றையும் சேர்த்து ஓட்டி, அவற்றுக்கு என்ன மதிப்பெண் வருகிறது என்று காட்டாத கட்டுரையை நான் மேலே படிப்பதில்லை.

இந்தக் கட்டுரைகளில் புரதத்தின் வடிவம் சரிதானா என்று காட்ட ‘ராமச்சந்திரன் பிளாட்’ என்று ஒரு படம் போடுவார்கள். அது நம்ம ஊரில் பிறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-ல் வெளியிட்டது. அதற்கு முன்பே 1954-ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழை வடிவத்தை முன்வைத்தார்கள், கங்காரு வால் தசைநாரிலிருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ்ரேயில் பார்த்து. இயற்பியல்காரர் உடம்பின் புரதத்தில் என்ன செய்கிறார் என்று அன்று யாராவது தடுத்திருந்தால் இன்று அந்தப் படம் இருந்திருக்காது. துறை மாறி ஆராய்ச்சி செய்யத் தயங்குபவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

சித்த மருத்துவத்தை அலோபதி அளவுகோலால் அளப்பது நியாயமா?

இது கோபத்தோடு வரும் கேள்வி, கோபத்தில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. சித்த மருத்துவர் நாடி பார்த்து, தேகநிலை பார்த்து ஒவ்வொருவருக்கும் மருந்தையும், அதோடு சேர்த்துக் கொடுக்கும் தேன், பால் போன்ற அனுபானத்தையும் மாற்றுகிறார், எல்லோருக்கும் ஒரே மாத்திரை என்ற ஆய்வில் அது அடங்காது. சரி, அப்படியானால் ஆய்வை மாற்றி அமைக்கலாமே. ஒரு குழுவுக்கு மருத்துவர் தன் முறைப்படி முழுச் சிகிச்சை தரட்டும், இன்னொரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை, யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும், முடிவை அளப்பவருக்கு யார் எந்தக் குழு என்று தெரியாமல் இருக்கட்டும். இதில் சித்த மருத்துவத்தின் எந்தக் கொள்கையும் உடையவில்லை.

மூட்டு வலி குறைந்ததா, சர்க்கரை இறங்கியதா, புண் ஆறியதா என்பவை நோயாளியின் கேள்விகள், எந்த மருத்துவ முறைக்கும் தனிச் சொந்தம் இல்லை. நம் நம்பிக்கை தோற்பதற்கும் இடம் கொடுத்துக் கேள்வியை அமைத்தால் அது ஆராய்ச்சி. எப்படி முடிந்தாலும் நாம்தான் ஜெயிப்போம் என்று அமைத்தால் அது விளம்பரம், எந்த முறைக்காரர் செய்தாலும் சரி.

கீழாநெல்லி மஞ்சள் காமாலைக்கு நல்லது என்று சென்னையிலேயே நிரூபித்துவிட்டார்களே?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கதைதான் ஊரில் சுற்றுகிறது. 1988-ல் எஸ்.பி. தியாகராஜனும் சக ஆய்வாளர்களும் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸை உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு ஃபைலாந்தஸ் அமாரஸ், அதாவது கீழாநெல்லி வகைகளில் ஒன்று, 30 நாள் கொடுத்தார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் இருப்பதைக் காட்டும் அதன் மேற்பரப்பு ஆன்டிஜென் இரத்தத்தில் காணாமல் போனது, ஒப்பீட்டுக்காக மருந்துச் சரக்கு இல்லாத போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும்தான் அப்படி ஆனது. ஆய்வாளர்கள் குழுவில், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும் இருந்தார். நம்மூர்ச் செடி, நம்மூர் ஆய்வகம், உலகின் முதல் வரிசை மருத்துவ இதழ். யாருக்கும் பெருமையாகத்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான்.

அதற்குப் பிறகு வேறு நாடுகளில் திரும்பச் செய்து பார்த்தார்கள், தாய்லாந்தில் செய்தார்கள், அந்த முடிவு வரவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்ட காக்ரேன் மதிப்பாய்வும் போலி மருந்தைவிட இது மேல் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றுதான் சொன்னது. ஏன் இந்த வேறுபாடு? செடியின் இனம் வேறாக இருக்கலாம், பறித்த பருவம், காயவைத்த விதம், நோயாளிகள் எந்தக் கட்டத்தில் இருந்தார்கள் என்பது, அல்லது முதல் ஆய்வில் ஆட்கள் குறைவாக இருந்ததால் தற்செயலாகப் பெரிய வித்தியாசம் தெரிந்திருப்பது. இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு பிஎச்டிக்குப் போதும். 1988 கட்டுரையை மட்டும் காட்டி மருந்து விற்பவரும் பாதியை மறைக்கிறார், பின்னால் வந்ததை மட்டும் காட்டிச் செடியையே கேலி செய்பவரும் பாதியை மறைக்கிறார்.

இன்னொன்று, காமாலை என்பது அறிகுறி. ஹெபடைட்டிஸ் ஏ-யால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரங்களில் அடங்கும். அப்போது எதைக் குடித்திருந்தாலும் அதுதான் குணமாக்கியது என்று தோன்றும். ஒப்பீட்டுக் குழு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மூலிகையை எங்கே வாங்குவது? நாட்டு மருந்துக் கடையில் வாங்கினால் போதாதா?

ராசப்ப செட்டி தெருவில் வாங்கலாம், தவறில்லை, ஆனால் வாங்கியது என்ன இனம் என்று தாவரவியலாளர் பார்த்துக் கையெழுத்திட்டு, ஒரு மாதிரியை எண் போட்டு, உலர்தாவரச் சேகரிப்பான ஹெர்பேரியத்தில் வைத்த பிறகுதான் அரைக்க வேண்டும். கடையில் கீழாநெல்லி என்று கிடைக்கும் கட்டில் பல ஃபைலாந்தஸ் இனங்கள் கலந்திருப்பது ஏற்கெனவே ஆய்வுகளில் தெரிந்த விஷயம். முழுச் செடியாக, பூவோடு இருக்கும்போது பார்ப்பது எளிது. பொடியான பிறகு நுண்ணோக்கி, டிஎன்ஏ என்று செலவு ஏறும்.

பற்பம், செந்தூரம் எல்லாம் உலோகம்தானே, ஆபத்தில்லையா? இயற்பியல் படித்தவர்களுக்கு இதில் என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது, ஆளும் தேவை. மருந்தில் பாதரசமோ ஈயமோ எவ்வளவு என்பதை ஐசிபி கருவி சொல்லும். அது எந்த வடிவில் இருக்கிறது என்பதை எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் சொல்லும். இரண்டும் வேறு வேறு கேள்விகள். லிங்கம் என்று நாம் சொல்வது பாதரச சல்ஃபைடு, தண்ணீரில் கிட்டத்தட்டக் கரையாது. மீனில் சேரும் மெத்தில் பாதரசமோ உடம்பில் எளிதாக ஏறும். அதனால் ‘பாதரசம் இருக்கிறது, எனவே விஷம்’ என்பதும் முழுப் பதில் இல்லை, ‘சுத்தி செய்து நச்சை நீக்கிவிட்டோம், எனவே பாதுகாப்பு’ என்பதும் பதில் இல்லை. உடம்பில் எவ்வளவு ஏறுகிறது, சிறுநீரகம் என்ன ஆகிறது என்று அளந்து காட்ட வேண்டும். மூலிகை மருந்துகளுக்கு நம் நாட்டில் ஈயம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு), ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 என்று வரம்பு இருக்கிறது. 2008-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வில், இணையத்தில் விற்ற ஆயுர்வேதத் தயாரிப்புகள் 193-ஐ வாங்கிச் சோதித்தபோது சுமார் ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. இதைக் கேட்டுக் கோபப்படுவதைவிட நம் மருந்துகளை நாமே இதைவிடக் கடுமையாகச் சோதிப்பது நல்லது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சங்கு பற்பம். சங்கு அரகோனைட் என்ற படிக வடிவில் உள்ள கால்சியம் கார்பனேட். புடம் போட்டுச் சூடேறும்போது அது கால்சைட் ஆகும், இன்னும் சூடு கூடி 800 டிகிரியைத் தாண்டினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிச் சுண்ணாம்பாகிவிடும். மூன்றுமே பார்வைக்கு வெள்ளைப் பொடி, ஆனால் எக்ஸ்ரே டிஃப்ராக்ஷனில் மூன்றுக்கும் வரும் கோடுகள் வேறு. அதனால் புடத்துக்குள் வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிள் ஒன்றை வைத்து நேரத்துக்கு நேரம் வெப்பநிலையைக் குறித்து, வறட்டியின் எண்ணிக்கையோடு எடையையும் எழுதி, ஒவ்வொரு புடத்துக்குப் பிறகும் ஒரு சிட்டிகை எடுத்துவைத்தால், ‘இத்தனை வறட்டி’ என்று நூல் சொல்வதன் பொருளே டிகிரிக் கணக்கில் தெரிந்துவிடும். வைத்தியரும் இயற்பியல் மாணவரும் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை.

சொந்தக் கல்லூரியில் கருவி இல்லையே, எங்கே போவது?

ஐஐடி மெட்ராஸில் வெளியாட்களும் கட்டணம் கட்டி சாம்பிள் கொடுக்கக்கூடிய உயர்நிலைப் பகுப்பாய்வுக் கருவி மையம் இருக்கிறது. சித்த மருந்து சம்பந்தப்பட்ட தர ஆய்வுக்கு அரும்பாக்கத்தில் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆராய்ச்சி நிலையமும் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். அனுப்புமுன் கருவியை இயக்குபவரிடம் பேசுங்கள். சாம்பிள் எவ்வளவு, எப்படி உலர்த்தியது, எதைத் தேடுகிறீர்கள் என்று சொன்னால் அவரே பாதி தவறுகளைத் தடுத்துவிடுவார். ‘எல்லாப் பரிசோதனையும் செய்து கொடுங்கள்’ என்று கேட்டால் பணம்தான் போகும்.

ஏட்டுச்சுவடி படிப்பது ஆராய்ச்சியில் சேருமா?

கண்டிப்பாகச் சேரும். சீனாவின் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடி, நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங்கின் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒரு பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடி என்று அதில் இருந்தது, கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரில் வடித்தார். 1971-ல் அது வேலை செய்தது, 2015-ல் நோபல் கிடைத்தது. இங்கேயும் சர்ப்பகந்தா என்ற மூலிகை பற்றி பம்பாய் மருத்துவர் ருஸ்தம் வக்கீல் 1949-ல் எழுதிய இரத்த அழுத்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகமும் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகமும் இருக்கின்றன. சுவடியில் புள்ளி இருக்காது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, படியெடுத்தவர் கைப்பிழையும் இருக்கும். ஒரே பாடலுக்கு இரண்டு மூன்று பிரதிகளை ஒப்பிட்ட பிறகே அளவை எழுதுங்கள். பலம் 35 கிராம், வராகன் எடை 4.2 கிராம் என்று பாடநூல்களில் கொள்கிறார்கள், உங்கள் தீசிஸிலும் எந்தக் கணக்கைக் கொண்டீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

நோயாளிகளிடம் ஆய்வு தொடங்க என்னென்ன அனுமதி வேண்டும்?

எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் முதலில். அப்புறம் சிடிஆர்ஐ என்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு, இது 2007-ல் தொடங்கியது, கட்டணம் இல்லை. 2018 ஏப்ரலிலிருந்து, முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே பதிந்தாக வேண்டும், முடித்துவிட்டுப் பதிய முடியாது. இதைச் சம்பிரதாயமாக நினைக்க வேண்டாம். எதை அளக்கப் போகிறேன் என்று முன்னாலேயே பொதுவில் எழுதிவிடுவதால், வலி குறையவில்லை என்றதும் ‘தூக்கம் நன்றாக வந்தது’ என்று பின்னால் குறிக்கோளை மாற்றிக்கொள்ள வழி இல்லாமல் போகிறது.

எத்தனை நோயாளிகள் வேண்டும்? எல்லோரும் 40 என்கிறார்களே?

40 என்பது பழக்கத்தில் வந்த எண், கணக்கில் வந்தது கிடையாது. எவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். சின்ன வித்தியாசத்துக்கு நிறைய பேர் வேண்டும். ஆய்வுத் திட்டச் சுருக்கமான சினாப்சிஸ் எழுதும்போதே புள்ளியியல் தெரிந்தவரிடம் போங்கள். எல்லாம் முடிந்து எக்செல் ஃபைலோடு போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதேபோல 20 விஷயங்களை அளந்தால் மருந்துக்குப் பயனே இல்லாவிட்டாலும் ஏதாவது ஒன்றில் பி மதிப்பு (பயனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண்) 0.05-க்குக் கீழே வர வாய்ப்பு அதிகம். அந்த ஒன்றை மட்டும் எடுத்துத் தலைப்பாக வைப்பவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள்.

நல்ல ஆய்வு எப்படி இருக்கும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. 1956-ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது, சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். காசநோயாளியைச் சானடோரியம் என்ற தனி மருத்துவமனையில் ஒரு வருடம் வைத்தால்தான் குணமாகும் என்று அப்போது உலகமே நம்பியது. இங்கே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலேயே மாத்திரை, மற்றவர்களுக்குச் சானடோரியத்தில் அதே மாத்திரை கொடுத்தார்கள். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு எல்லாம் இருந்தும், நெரிசலான வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள், அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. ஏழைக் குடும்பத்தில் சம்பாதிப்பவரை ஒரு வருடம் பிரித்து வைக்க வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய விஷயம்!

எந்த ஜர்னலில் போடுவது? இரண்டு நாளில் ஏற்கிறோம் என்று மெயில் வருகிறதே?

இரண்டு நாளில் யாரும் கட்டுரையைப் படித்து மதிப்பிட முடியாது, பணத்துக்காக நடத்துகிறார்கள். அறிமுகமான ஜர்னலின் பெயரிலேயே போலி இணையதளம் வைத்திருப்பவர்களும் உண்டு, அதனால் பதிப்பாளரின் சொந்தத் தளம் வழியாகவே போங்கள். பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) தரமான ஜர்னல்கள் என்று வைத்திருந்த கேர் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டது, இனி தரம் பார்ப்பது கல்லூரியின் பொறுப்பும் உங்கள் பொறுப்பும். தீசிஸ் கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற விதியை யுஜிசி 2022-ல் எடுத்துவிட்டாலும் உங்கள் பல்கலைக்கழகம் வைத்திருக்கலாம், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறர் எழுத்தைத் திருடும் விஷயத்தில் யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

படிக்கக் கட்டுரை கிடைக்கவில்லை என்பவர்கள்: 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் அரசுக் கல்லூரிகளுக்கு சுமார் 13,000 ஜர்னல்கள் திறந்திருக்கின்றன. தனியார் கல்லூரி மாணவர்கள் ஆசிரியரிடமே மெயில் போட்டுக் கேளுங்கள், பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். பழைய தீசிஸ்களுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம் இருக்கிறது.

ஏஐ வைத்து எழுதலாமா?

மொழியைத் திருத்தலாம், பயன்படுத்தினேன் என்று சொல்லிவிட்டு. மேற்கோள் கேட்காதீர்கள், இல்லாத கட்டுரைக்குத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் அழகாகப் போட்டுக் கொடுக்கும். ஒவ்வொரு மேற்கோளையும் நீங்களே திறந்து பாருங்கள். நோயாளிகளின் விவரங்களை அதில் ஏற்றவே கூடாது.

முடிவு எதிராக வந்துவிட்டது. கைடு ‘இதை விட்டுவிடு’ என்கிறார். என்ன செய்வது?

வெளியிடுங்கள். மருந்து வேலை செய்யவில்லை என்ற தகவல் இல்லாததால்தான் அடுத்த மாணவர் அதே மருந்தை அதே அளவில் அதே நோய்க்குத் திரும்பவும் கொடுக்கிறார், நோயாளிகளின் நேரமும் போகிறது. சிடிஆர்ஐயில் பதிந்திருந்தால் ஆய்வு நடந்தது எல்லோருக்கும் தெரியும், மறைப்பதும் கடினம். கைடிடம் மரியாதையோடு, ‘ஐயா, முறை சரியாக இருந்தால் எதிர்மறை முடிவையும் ஏற்கும் ஜர்னல் இருக்கிறது’ என்று பட்டியலோடு போய்ப் பேசுங்கள். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்கப்போவது உங்கள் முறையைப் பற்றித்தான், மருந்து ஜெயித்ததா என்று இல்லை.

நான் ஆராய்ச்சியாளர் இல்லை, நோயாளி. ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா?

சேரலாம், அவசரப்படாமல். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், அதை வீட்டுக்கு எடுத்துப்போய் எல்லோரோடும் சேர்ந்து படியுங்கள். என்ன மருந்து, எனக்குப் போலி மருந்து கிடைக்க வாய்ப்பு உண்டா, இப்போது சாப்பிடும் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைத் தொடரலாமா என்று கேளுங்கள். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியதற்காக வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது. ஆய்வால் ஏதாவது பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறையில் இருக்கிறது. சிடிஆர்ஐ எண் என்ன என்றும் கேளுங்கள், அதை இணையத்தில் போட்டால் ஆய்வின் விவரம் முழுக்க வரும். எதிக்ஸ் கமிட்டியின் தொடர்பு எண் படிவத்திலேயே அச்சிட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் கையெழுத்துப் போடுமுன் அதைக் கேட்டு வாங்குங்கள்.